தில்லையும் ‘வருவதில்லை’யும்

ஐப்பசி பிறந்துவிட்டால் கடலூர் மாவட்டத்தில் சின்னவர் பெரியவர் எல்லோரும் காத்திருக்கும் செய்தி ஒன்றே ஒன்றுதான்: நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவா? டில்லியில் ஆட்சி கவிழ்ந்தால்கூட அதெல்லாம் இதற்குப் பிறகு. இந்த ஒரு வரிச் செய்திக்காக எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நடக்கும் கூத்தைப் பார்த்தால், நான் ஏன் ஃபீட் ரீடர் பக்கம் ஓடினேன் என்பது புரியும். ஒருவர் போன வருஷத்து அறிவிப்பை அனுப்புவார். இன்னொருவர் திருவாரூருக்கு விட்ட லீவை நமக்கும் சேர்த்து விடுவார். மூன்றாமவர் 2015 வெள்ளத்தில் எடுத்த வீடியோவை ‘சற்றுமுன்’ என்று போடுவார். அதில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் பஸ்ஸின் டிரைவர் ரிட்டயர் ஆகியிருப்பார். நான்காமவர், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ரோஜாப்பூவும் காலை வணக்கமும்.

ஃபீட் ரீடர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. செய்தித் தளங்கள் பலவும் தாங்கள் புதிதாகப் போடுவதன் தலைப்பு, சுருக்கம், சுட்டி, நேரம் எல்லாவற்றையும் ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைக்கின்றன. ஃபீட் அல்லது ஓடை என்பது அதுதான். 1999-ல் நெட்ஸ்கேப் நிறுவனம் தொடங்கிவைத்த இந்த ஏற்பாட்டுக்கு ஆர்எஸ்எஸ் என்று பெயர். (பெயரைக் கேட்டதும் யாரும் கோபப்பட வேண்டாம், அரசியல் இல்லை.) நாம் பட்டியல் கொடுத்த தளங்களின் கோப்புகளை அவ்வப்போது எட்டிப் பார்த்து, புதியதை ஒரே பக்கத்தில் நேர வரிசைப்படி அடுக்குவது ரீடரின் வேலை. நேற்று முழங்கால் வலிக்குத் தைலம் தேடினீர்கள் என்பதற்காக இன்று முழுக்க முழங்காலாகக் காட்டாது.

இதில் எனக்குக் குரு, சிதம்பரத்தில் இருக்கும் மச்சான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2004-ல் காசி ஆறுமுகம் தொடங்கிய ‘தமிழ்மணம்’ வலைப்பதிவுத் திரட்டியில் குடியிருந்தவர்களில் அவரும் ஒருவர். மறுமொழி விழுந்த இடுகைகள் அங்கே தனியாகக் கண்ணில் படும் என்பதால், சிலர் தம் எழுத்துக்குத் தாமே ‘அருமை’ என்று சொல்லி, அதற்கு ‘நன்றி’யும் தாமே சொல்லிக்கொண்ட பொற்காலம் அது. 2005 அக்டோபரில் கூகுள் ரீடர் வந்ததும் மச்சான் அங்கேயும் ஒரு வீடு பிடித்தார்.

அப்போதைய பெரிய தலைவலி எழுத்துரு. பத்திரிகைக்குப் பத்திரிகை தனி எழுத்துரு வைத்திருந்த காலம். ரீடரில் சேர்த்தால் தமிழுக்குப் பதில் கொம்பும் தொப்பியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாகக் கொட்டும். “பக்கத்துல பாண்டிச்சேரி இருக்குல்ல மாப்ள, அதான் பிரெஞ்சுல வருது” என்பார் மச்சான். யூனிகோடு மெல்லப் பரவி, 2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசும் அதைத் தரமாக ஏற்ற பிறகுதான் அந்த பிரெஞ்சு ஆதிக்கம் முற்றிலும் விலகியது.

ரீடரின் குணம் எனக்கு விளங்கியது தானே புயலில். 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே அது கரையேறியது. முந்திரியும் பலாவும் சாய்ந்தன, மின்கம்பங்களும் சாய்ந்தன. கரண்ட் என்பது கதைகளில் வரும் பொருள் ஆகிவிட்டது. ஒரு வழியாக மின்சாரம் திரும்பி வந்து ரீடரைத் திறந்தால், படிக்காதவை ‘1000+’ என்று நின்றது. ஆயிரத்துக்கு மேல் எண்ணுவதற்கு கூகுளுக்கே அலுப்பு. சரி, நம் ஊரில் நடந்ததை நாமும் தெரிந்துகொள்வோம் என்று மேலிருந்து படித்தேன். புதியது முதலில் என்பதல்லவா அதன் வழக்கம்? முதலில் நிவாரணம் கொடுத்தார்கள். அப்புறம் சேதத்தைக் கணக்கெடுத்தார்கள். அப்புறம் மரங்கள் சாய்ந்தன. அதற்கப்புறம் புயல் கரையைக் கடந்தது. கடந்தபின் பின்பக்கமாகவே வங்கக் கடலுக்குள் நடந்துபோய், தாழ்வு மண்டலமாகச் சுருங்கி, கடைசியில் ‘புயல் உருவாகுமா?’ என்ற கேள்வியோடு மறைந்துவிட்டது. படித்து முடித்தபோது எங்களுக்குச் சேதமே இல்லை! பழையது முதலில் என்று மாற்றிக்கொள்ளப் பல ரீடர்களின் அமைப்பில் ஓர் இடம் உண்டு. புயல் மாவட்டக்காரர்கள் அதை முதல் நாளே மாற்றிவிடுவது நல்லது.

2013 மார்ச் 13 அன்று கூகுள், பயன்படுத்துவோர் குறைந்துவிட்டார்கள் என்று சொல்லி, ரீடரை மூடப்போவதாக அறிவித்தது. வேண்டாம் என்று லட்சம் பேருக்கு மேல் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். ஜூலை 1-ல் மூடியே விட்டது. அதே ஆண்டில்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை அரசு தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. மச்சானுக்கு ஒரே வருஷத்தில் இரண்டு நிர்வாக மாற்றம். கூகுள் செய்ததைத்தான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த வீடு தேடும் படலம். அறிவிப்பு வந்த 48 மணி நேரத்தில் 5 லட்சம் பேர் தங்களிடம் வந்ததாக ஃபீட்லி பெருமைப்பட்டது. பல்கேரியாவிலிருந்து இனோரீடர் வந்தது. தி ஓல்டு ரீடர், நியூஸ்பிளர் என்று கடைத்தெரு களைகட்டியது. எல்லாவற்றிலும் இலவசம் உண்டு, எல்லை கட்டிய இலவசம். ஃபீட்லியில் 100 ஓடைகள், இனோரீடரில் 150, நியூஸ்பிளரில் 64.

“அறுபத்து நாலா? நாயன்மார் அறுபத்து மூணு பேரையும் உக்கார வச்சாலும் மாணிக்கவாசகருக்கு ஒரு இடம் மிஞ்சுதே மாப்ள!” என்று மச்சான் அதிலேயே சேர்ந்துவிட்டார். தில்லைக்காரர்களுக்கு முடிவெடுக்க இதைவிட வேறு காரணம் தேவையில்லை. நான் தேடியது வடிகட்டி. என் மாவட்டச் செய்தி மட்டும் தனியாக வந்து விழவேண்டும், அவ்வளவுதான். பல இடங்களில் இதற்குக் காசு. கொடுத்தேன்.

இங்கேதான் தமிழ் தன் கைவரிசையைக் காட்டியது. வடிகட்டும் சொல்லாக ‘கடலூர்’ என்று கொடுத்தால் ‘கடலூரில்’ நடந்த எதுவும் வரவில்லை. காரணம் இருக்கிறது: யூனிகோடில் ‘ர்’ என்பது ஒரு ‘ர’வும் அதன் தலைமேல் ஒரு புள்ளியும், ‘ரி’ என்பது அதே ‘ர’வும் ஒரு கொக்கியும். புள்ளியைத் தேடும் யந்திரத்துக்குக் கொக்கி கண்ணில் படாது. ஆகவே ‘கடலூரில்’ வெள்ளம் வரலாம், ‘கடலூருக்கு’ அமைச்சர் வரலாம், எனக்குத் தகவல் வராது. புள்ளியை எடுத்துவிட்டு ‘கடலூர’ என்று மொட்டையாகக் கொடுத்ததும் ஊர் முழுக்க வந்து சேர்ந்தது. இலக்கண வாத்தியார் பார்த்தால் காதைத் திருகுவார்.

அதே சூத்திரத்தில் ‘சிதம்பர’ என்று கொடுத்தேன். வந்தவர் ப. சிதம்பரம். மத்திய பட்ஜெட்டைப் பற்றி அவர் சொன்னது, சொல்லாதது, சொன்னதற்கு மற்றவர்கள் சொன்னது. அவர் பின்னால் தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகம், சரக்குக் கப்பல்களோடு வந்து நின்றது. நடுவில் நடராஜரைக் காணோம்.

“ஊருக்குப் பழைய பேரு இருக்கே, ‘தில்லை’ன்னு போடுங்க” என்றார் மச்சான். போட்டேன். அன்று தமிழ்நாட்டில் என்னவெல்லாம் நடக்கவில்லையோ அத்தனையும் வந்தது. குடிநீர் வருவதில்லை, பேருந்து நிற்பதில்லை, தெருவிளக்கு எரிவதில்லை, ஊதியம் தருவதில்லை: ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு தில்லை உட்கார்ந்திருந்தது. மச்சானிடம் சொன்னேன். போனில் சற்று நேரம் சத்தமில்லை. “எங்கும் நிறைஞ்சிருக்கான்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?” என்றார். கடைசியில் ‘சிதம்பரத்த’ என்று வைத்ததில் ஓரளவு ஊர் கிடைத்தது.

லீவு விஷயத்தில் கோட்டை விட்டது, காசு கொடுப்பதற்கு முன்பு நான் வைத்திருந்த ஓர் இலவச ரீடர். அதிகம் பேர் கேட்காத ஓடைகளை இலவசக் கணக்குக்காக எப்போதாவதுதான் எட்டிப் பார்க்கும். லீவு அறிவிப்பு என் திரைக்கு வந்தபோது, பேரன் நனைந்த சட்டையோடு பள்ளிக்குப் போய்த் திரும்பியும் வந்து, சூடாக இரண்டாம் தோசை கேட்டுக்கொண்டிருந்தான். வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் அத்தை ஒருவர் மட்டும் சரியாகச் சொல்லியிருந்தாராம். ஐந்து மாவட்டங்களை வரிசையாகச் சொன்னால் ஒன்று பலிக்காதா?

படிக்காதவற்றின் எண்ணிக்கை இன்னொரு தொல்லை. எண்களைக் கண்டு பயப்பட கடலூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம், துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிப் பழகியவர்கள். 1-ம் 2-ம் தூரத்து ஆபத்து, 3 என்றால் உள்ளூர் எச்சரிக்கை, 8-லிருந்து 10 வரை பெரும் அபாயம், 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்தது. ஒரு எண்ணைக் கேட்டதும் படகை இழுப்பதா, பாயைச் சுருட்டுவதா என்று தேவனாம்பட்டினத்தில் முடிவு செய்துவிடுவார்கள். ரீடரின் ஓரத்தில் நிற்கும் 437 அப்படியா? புயலும் 1, நடிகரின் புதுப்பட போஸ்டரும் 1. மச்சான் அதைக் கடன் பாக்கிபோல் நினைத்து ராத்திரி கண்விழித்து அடைக்கிறார். நான் வானிலை, மாவட்டச் செய்தி, ரயில் மூன்றையும் ‘கூண்டு’ என்ற அடைவில் போட்டு அதை மட்டும் தினமும் பார்க்கிறேன். மற்றதற்கு ‘அனைத்தும் படித்தாயிற்று’ என்ற பொத்தான் இருக்கிறது. மனிதன் கண்டுபிடித்த பொய்களில் இதைப்போல் யாருக்கும் தீங்கில்லாத பொய் கிடையாது.

எந்த ரீடர் நல்லது என்று கேட்பவர்களுக்கு என் தீர்ப்பு: உள்ளே வர எளிதாக இருப்பதைவிட வெளியேற எளிதாக இருப்பதைப் பாருங்கள். கூகுளே கடையைக் கட்டியது என்றால் மற்றவர்கள் எம்மாத்திரம்? எல்லா நல்ல ரீடர்களிலும் உங்கள் பட்டியலை ஓபிஎம்எல் என்ற கோப்பாக இறக்கிக்கொள்ள வழி உண்டு. வேறொரு ரீடரில் ஏற்றினால் ஓடைகள் அத்தனையும் நிமிஷத்தில் குடியேறிவிடும். அமைப்புப் பக்கத்தில் ‘ஏற்றுமதி’ எங்கே என்று இன்று ராத்திரியே தேடுங்கள். கோப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள். மச்சான் அலுவலக வழக்கப்படி அதைப் பிரிண்ட் எடுத்து, துளைபோட்டு, நாடா கட்டிய ஃபைலில் வைத்திருக்கிறார். அதை எந்த ரீடரும் படிக்காது.