உங்க வீட்டுப் பிள்ளை பேசுதேன்

காலை பத்தரை மணிக்கு முக்கூடலிலோ மேலப்பாளையத்திலோ ஒரு தெருவுக்குள் நுழைந்தால், ஒரு வீட்டில் அவர் தொடங்கிய வாக்கியம் அடுத்த வீட்டில் முடியும். மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றும் அக்காமாருக்குக் கை ரெண்டும் வேலையில் இருக்கும். கண்ணும் இலையை விட்டு நகராது. ஆயிரம் பீடி முடியும்வரை சும்மா இருப்பது காது ஒன்றுதான். அந்தக் காதைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் நம் எஃப்.எம். தொகுப்பாளர். 93.5-ஆ, 106.4-ஆ என்று கேட்காதீர்கள். இந்த இனம் எல்லா அலைவரிசையிலும் விளைகிறது.

“வணக்கம்க்கா, உங்க வீட்டுப் பிள்ளை பேசுதேன். என்ன செஞ்சிட்டு இருக்கிய?”

“பீடி சுத்துதேன் தம்பி.”

“சூப்பர்க்கா! வீட்ல வேற யாரு இருக்கா?”

“மாமியாருக்குக் காலு ஒடிஞ்சு ஐகிரவுண்டு ஆஸ்பத்திரில கெடக்காவ.”

“சூப்பர்க்கா!”

பதிலைக் கேட்டால் அடுத்த கேள்வி மறந்துவிடும் என்பதால் அவர் கேட்பதில்லை.

அவர் பிழைப்பும் லேசுப்பட்டதல்ல. தனியார் பண்பலை சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது. வேண்டுமானால் ஆகாசவாணிச் செய்தியை ஒரு எழுத்து மாறாமல் அப்படியே ஒலிபரப்பலாம். மழை, வெயில், போக்குவரத்து, பரீட்சை முடிவு, கரண்டு, குடிதண்ணீர் அறிவிப்பு இவையெல்லாம் செய்தியே இல்லை என்று 2011-ஆம் ஆண்டுக் கொள்கை தாராளம் காட்டியது. ஆகவே நாளைக்குக் கரண்டு இருக்காது என்று அவர் சொல்லலாம். ஏன் இருக்காது என்று தொடங்கினால் வம்பு. ஊரிலேயே அதிகம் பேசுகிற வாய்க்கு ஊரிலேயே பெரிய பூட்டு. தினமும் நாலு மணி நேரம் ஒன்றுமே சொல்லாமல் பேசியாக வேண்டும். மேடை போட்டுப் பழகியவர்களுக்கே இது எளிதில் கைவராது.

ஆனால் நேயர் எந்தக் கொள்கையிலும் கையெழுத்துப் போடவில்லையே!

“இன்னிக்கு என்ன குழம்புக்கா?”

“குழம்பா? தண்ணி வந்து நாலு நாளாச்சு. ஆத்துல இடுப்பளவு ஓடுது, குழாயில காத்துதான் வருது. கவுன்சிலர் வீட்டுக்கு மட்டும் எப்படி...”

“ஆகா, அக்கா செம ஃபார்ம்ல இருக்காங்க! அக்காவுக்காகவே ஒரு சூப்பரான மழைப் பாட்டு!”

அவர் விரல் எப்போதும் பாட்டுப் பொத்தானில்தான் குடியிருக்கிறது. ஆனாலும் அரை நிமிடத்தில் உள்ளாட்சி, குடிநீர்த் திட்டம், வார்டு அரசியல் மூன்றும் தாமிரபரணிக் கரை நெடுகப் போய்ச் சேர்ந்துவிட்டன. தணிக்கைக்கு அகப்படாத செய்தி இங்கே சாம்பாருக்குள் இருந்துதான் வரும்.

1963 முதல் பேசிக்கொண்டிருக்கும் திருநெல்வேலி வானொலிக்கு இந்த அவஸ்தை கிடையாது. கார் சாகுபடி, பிசானம், 143 அடிப் பாபநாசம் அணையில் இன்றைக்கு எத்தனை அடி என்று நிதானமாகச் சொல்வார்கள். நடுவில் தொண்டையைச் செருமிக்கொண்டால் அதுவும் காற்றில் வரும். எழுபதுகளின் பிற்பகுதியில் அங்கே விவசாய நிகழ்ச்சிகளைக் கவனித்தவர் தென்கச்சி கோ. சுவாமிநாதன். பின்னாளில் ‘இன்று ஒரு தகவல்’ சொன்ன காலத்திலும் அவர் சிரித்து யாரும் கேட்டதில்லை. சிரிப்பு கேட்கிறவர் வீட்டில்தான் கிளம்பும். நம் பிள்ளை அந்தச் சிரமத்தை நமக்கு வைப்பதில்லை. நகைச்சுவைக்கு முன்னால் ஒரு தரம் சிரிப்பார், பின்னால் ஒரு தரம் சிரிப்பார். நடுவில் சொன்னது என்ன என்பது அந்தச் சிரிப்பில் அமுங்கிப்போகும்.

நெல்லைத் தமிழை அவர் சினிமா பார்த்துக் கற்றிருக்கிறார். வரிக்கு ஒரு ‘ஏலே’ தூவினால் மண்வாசனை வரும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். கல்லிடைக்குறிச்சியிலிருந்து பழைய பாட்டுக் கேட்க வந்த ஒரு பெரியவரிடமும் அதையே தூவினார்.

“ஏலே, எப்படி இருக்க?”

“எனக்கு எழுபத்திரண்டு வயசு. யாரப் பாத்துலே ஏலேங்க?”

பாட்டு உடனே வந்தது. பெரியவர் கேட்ட பாட்டு அல்ல.

பதினொன்றரைக்குப் போட்டி. பரிசு இரண்டு சினிமா டிக்கெட். ஒரு தரம் ஜெயித்தவர் ஒரு மாதம் பொறுக்க வேண்டும் என்பதால், பழைய நேயர்கள் வீட்டுக்காரர் போனில், கொழுந்தியாள் பெயரில், மூக்கடைத்த குரலில் வருவார்கள். அவருக்கும் அது தெரியும். கண்டுபிடித்தால் மறுநாள் அழைக்க ஆள் இருக்காது என்பதும் தெரியும்.

“கேள்வி கஷ்டமா இருக்கும்க்கா, நல்லா யோசிச்சுச் சொல்லணும். அல்வாவுக்குப் பேர்போன ஊரு எது?”

“இந்தா நாம இருக்கமே, இதுதான்.”

“சூப்பர்க்கா! கரெக்டான பதில்! டிக்கெட் உங்களுக்குத்தான்!”

“படம் கெடக்கட்டும் தம்பி. டிக்கெட்டுக்குப் பதிலா ரெண்டு கொடம் தண்ணி தருவியளா?”