வெள்ளியங்கிரியில் தூரம் சொல்லும் முறை

கோவைக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள பூண்டி அடிவாரத்திலிருந்து வெள்ளியங்கிரி மலைப்பாதை கிளம்புகிறது. ஒரு வழிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர், ஏழு மலைகள், ஏழாவதில் பாறைகளுக்கு நடுவே சுயம்பு லிங்கம். பிப்ரவரி முதல் மே வரைதான் வனத்துறை அனுமதிக்கிறது. வெயிலுக்கு அஞ்சிப் பெரும்பாலோர் இரவில் ஏறி விடியலில் உச்சியைத் தொடுவார்கள். 

அலுவலக நண்பர்கள் சேர்ந்து கிளம்பும் குழுவில், மலையேற்ற வீடியோ பார்த்தவரே தலைவர். அவர் அனுப்பும் பட்டியலில் கம்பளி, குளுக்கோஸ், புளியோதரை, ஒரு வார்டுக்கே போதுமான தைலம் எல்லாம் இருக்கும். டார்ச் இருக்காது, செல்போன் இருக்கிறதே! அடிவாரச் சோதனையில் வனத்துறையினர் பிளாஸ்டிக் பொட்டலங்களை எடுத்துவிடுவதால் பையின் எடை சற்றே குறையும். அங்கேயே விற்கும் மூங்கில் தடியை வாங்க மறுத்து வீரம் பேசுபவர், இரண்டாம் மலைக்குள் அடுத்தவர் தடியில் பங்கு கேட்பார்.

முதல் மலை முழுக்கக் கல்படிகள். தேய்ந்து, உயரம் மாறி மாறி இருக்கும். செல்போன் வெளிச்சத்தில் படியையும் படமெடுத்துக்கொண்டே ஏறியவரின் பேட்டரி வெள்ளை விநாயகர் கோயிலுக்குப் பக்கத்தில் தீரும். ஷூவின் அடிப்பாகம் பிரிவது, இருட்டில் தைலம் என்று நினைத்துச் சட்னியைத் தடவுவது போன்றவை அதற்குப் பின்.

இந்த இடத்தில் இறங்கி வருபவரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மலையில் எல்லோரும் எல்லோருக்கும் ‘சாமி’. ‘இன்னும் எவ்வளவு தூரம் சாமி?’ என்று கேட்டால் ‘இதோ, வந்தாச்சு சாமி’ என்பார். கேட்பவர் நிற்பது இரண்டாம் மலை. பாம்பாட்டிச் சுனையருகே வேறொருவர் ‘பத்து நிமிஷம்’ என்பார். ஒரு மணி நேரம் நடந்து கைதட்டிச் சுனைக்கு வந்தால், அங்கும் பத்து நிமிஷம்தான். ஐந்தாம் மலையில் அது கால் மணி நேரமாகிவிடும். அதாவது ஏற ஏற உச்சி தள்ளிப்போகிறது. ‘அந்தத் திருப்பம்தான்’ என்பவர் எந்தத் திருப்பம் என்று சொல்வதில்லை. கையைக் காட்டுவார், இருட்டில் கை தெரியாது. இவர்களில் சிலர் உச்சிக்கே போகாமல் நான்காம் மலையில் மூச்சு வாங்கித் திரும்பியவர்கள். அவர்களும் கூசாமல் ‘இதோ’ என்கிறார்கள். இரவில் இந்தப் பொய்யைக் கேட்டு மனதுக்குள் திட்டியவரே காலையில் இறங்கும்போது அதே பொய்யைச் சிரித்த முகத்தோடு சொல்வார். கருணையாம்! அரிதாக ஒருவர் ‘இன்னும் நாலு மலை இருக்கு’ என்று உள்ளதைச் சொன்னால், ‘நல்ல வாயே கிடையாதா இவருக்கு?’ என்று அவர்மேல்தான் பழி. சென்ற வாரம் ‘இதோ’வை நம்பிக் கையிலிருந்த தண்ணீரை மூன்றாம் மலையிலேயே குடித்துத் தீர்த்த ஒருவரின் எரிச்சல் இந்தப் பத்தியின் நீளத்துக்குக் காரணம் என்றால் அதை மறுப்பதற்கில்லை.

இதற்கிடையே சோடாப் பெட்டியைத் தலையில் சுமந்த கடைக்காரர் வெறுங்காலில் முந்திப் போவார். அவரிடம் யாரும் தூரம் கேட்பதில்லை.

ஐந்தாம், ஆறாம் மலைகளில் மரங்கள் விலகிப் புல்வெளி வரும், காற்றும் வரும். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும். வியர்வையில் நனைந்த சட்டை அந்தக் காற்றில் உடல் சூட்டை இன்னும் வேகமாக உறிஞ்சிவிடும். ஸ்வெட்டர் அப்போது பையின் அடியில், கொட்டிய புளியோதரைக்குக் கீழே இருக்கும். ஆண்டி சுனையில் குளிப்பவர்கள் வேறு இனம். ஏழாம் மலையின் செங்குத்தில் தடி இல்லாதவர் நான்கு காலில் ஏறுவார். தரிசனம் சில நொடி. பின்னால் வரிசை நிற்கும்.

இறக்கம் சுலபம் என்பது அடுத்த பொய். கீழே கால் வைக்கும் ஒவ்வொரு முறையும் தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்க வேண்டும். அதில் தசை இழைகள் நுண்ணிய அளவில் சிதைகின்றன. வலி அன்றைக்கே உச்சத்துக்கு வராது. ஓரிரண்டு நாள் கழித்து, அலுவலக மாடிப்படியில் வரும். தலைவர் அன்று விடுப்பில் இருப்பார். இதய நோய், ரத்த அழுத்தம், மூச்சுத் திணறல் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை எச்சரிப்பது மட்டும் வேடிக்கையல்ல. இந்தப் பாதையில் உயிரிழப்புகள் நடந்திருக்கின்றன.

ஆகவே இறங்கி வரும் சாமிகளே, யாராவது தூரம் கேட்டால் நிற்கும் இடம் எத்தனையாவது மலை என்று மட்டும் சொல்லுங்கள். ஏழிலிருந்து கழிக்க அவர்களுக்கே தெரியும்.