28ஆம் பிரிவு ஐயா அவர்களுக்கு ஒரு மனு

விடுநர்: மனு எழுதிப் பிழைப்பவன், வன்னியம்பட்டி.

பெறுநர்: உயர்திரு 28ஆம் பிரிவு அவர்கள், இராணுவச் சட்டம் 1950, மே/பா 56 ஏ.பி.ஓ.

பொருள்: ஜீவனாம்சம் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

எழுபத்தைந்து வயது தாண்டியும் கல்லாப்பெட்டி மேல் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாமல் இருக்கிறீர்கள். அதற்கே முதலில் ஒரு சல்யூட்.

படைவீரரின் ஆயுதம், உடுப்பு, தளவாடம், பணிக்குப் பயன்படும் பிராணி, சம்பளம், படி எதையும் சிவில் கோர்ட்டோ வருவாய்த்துறையோ ஜப்தி செய்யக்கூடாது என்கிறீர்கள். துப்பாக்கியைப் பற்றி எங்களுக்குப் பேச்சே இல்லை. பிராணிக்கும் நீங்கள் காவல் நிற்க வேண்டியதில்லை. பக்கத்து ஊர் ராஜபாளையம். ஜப்திக்கு வரும் அமீனாவை நாயே பார்த்துக்கொள்ளும். சம்பளத்தில்தான் வில்லங்கம்.

என் எதிரே ஒரு சிப்பாயின் மனைவி உட்கார்ந்திருக்கிறாள். மில்லில் ராத்திரி ஷிப்ட் முடித்து நேரே வந்திருக்கிறாள்; தலைமுடியில் இன்னும் பஞ்சு.

"அண்ணே, கோர்ட்டு ஆர்டர் போட்டா சம்பளத்துல பிடிச்சிருவாகல்ல?"

"இல்லம்மா."

"எங்க தெரு வாத்தியாருக்குப் பிடிச்சாகளே?"

பிடித்தார்கள்தான். ஜீவனாம்சத் தீர்ப்பென்றால் வாத்தியார் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு காவல் நிற்கிறது. மீதி மேல் கை வைக்கலாம். அதே பிரிவு, பட்டாளத்துச் சம்பளம் என்றதும் உங்களைப் பார்த்து அட்டென்ஷனில் நின்றுவிடுகிறது. வாத்தியாரைக் கட்டியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று நான் சொல்லவில்லை, அவளே சொன்னாள்.

உங்கள் குடும்பத்தில் கொஞ்சம் இளகிய மனசுக்காரர்களும் உண்டு. ஆபீசருக்கு 90ஆம் பிரிவு, சிப்பாய்க்கு 91. மனைவி மக்களின் பராமரிப்புக்கு இராணுவமே சம்பளத்தில் பிடித்துக் கொடுக்கலாம் என்கிறார்கள் இந்தத் தம்பிகள். 2001இல் வந்த இராணுவ ஆணை விகிதமும் போட்டது: மனைவிக்கு 22 சதவீதம் வரை, பிள்ளைக்கு 5.5, மொத்தம் 33க்கு மேல் கூடாது. கூட்டிப் பாருங்கள், இரண்டு பிள்ளையோடு கணக்கு முடிந்துவிடுகிறது. சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டு முக்கோணம் வரைந்தவர்களுக்குக்கூட இவ்வளவு கறார் வரவில்லை. அந்த 33ஐ வாங்கவும் இவள் எழுத வேண்டியது கணவரின் கமாண்டிங் ஆபீசருக்கு. அங்கிருந்து காகிதம் பிரிகேட், டிவிஷன், கோர் என்று ஒவ்வொரு படியாக ஏறும். பிள்ளை அதற்குள் ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றுக்கு ஏறியிருக்கும்.

இங்கேதான் எனக்குத் தொழில் சங்கடம். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஓர் இராணுவ அதிகாரிக்கு விவாகரத்து கொடுத்தது. மேலதிகாரிகளுக்கு மனைவி புகார் மேல் புகார் எழுதி அவர் வேலையையும் பேரையும் கெடுத்தது மனக்கொடுமை என்பது தீர்ப்பு. அந்த வழக்கின் நியாயத்தில் நான் தலையிடவில்லை. என் பயம் எல்லாம் அளவு பற்றியது. எழுதாவிட்டால் சோறில்லை, எழுதினால் எத்தனையாவது கடிதத்திலிருந்து கொடுமை? பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவன் நான், முன்கூட்டியே தெரிந்தால் நல்லது.

இன்னொன்றும் புரியவில்லை. தகாத உறவு குற்றமில்லை என்று 2018இல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு ஒழிந்தது. ஆனாலும் அதற்காகப் படைகள் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம் என்று 2023 ஜனவரியில் உங்கள் தரப்பு உச்ச நீதிமன்றத்தில் விளக்கம் வாங்கியது. அடுத்தவர் மனைவி என்றால் உடனே விசாரணை. சொந்த மனைவியின் அரிசி என்றால் "பரிசீலனையில் உள்ளது".

சிப்பாய்க்கும் மனு எழுதுகிறவன்தான் நான். அவர் பாடும் கொண்டாட்டமில்லை. உங்கள் இன்னொரு தம்பி 32, லீவு சான்றிதழைக் காட்டினால் கூடுமானவரை அந்த லீவுக்குள்ளேயே வழக்கை முடிக்கச் சொல்கிறார். அந்தக் "கூடுமானவரை"யில்தான் வாய்தா குடியிருக்கிறது. வருஷத்துக்கு 60 நாள் லீவு, 30 நாள் கேஷுவல். அதில் ரயிலுக்குக் கொஞ்சம், அம்மாவின் முழங்காலுக்குக் கொஞ்சம். ஒருவர் ஆடிப்பூரத்துக்கு வந்தார். ஆண்டாள் தேர் நாலு ரத வீதியும் சுற்றி அன்றைக்கே நிலைக்கு வந்துவிட்டது. அவர் வழக்கு இன்னும் கீழ ரத வீதியைத் தாண்டவில்லை.

ஆகவே ஐயா அவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்காருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மனு எழுதுபவன்.

பின்குறிப்பு: என் எதிரே இருப்பவளின் கணவர் விட்டுப்போன கறுப்பு டிரங்குப் பெட்டி, வெள்ளைப் பெயிண்டில் பட்டாள நம்பரோடு, இவள் வீட்டில் இருக்கிறது. கேஸ் கட்டையெல்லாம் அதற்குள்தான் பூட்டி வைத்திருக்கிறாள். தளவாடக் கணக்கில் வரும், ஒருத்தரும் ஜப்தி செய்ய முடியாது என்று தைரியம் சொல்லியிருக்கிறேன்.