ஆகப் பழையது

ஜாடியின் வாயில் வேடு கட்டியிருந்த துணி தொட்டதுமே பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளே நார்த்தங்காய். மஞ்சள் நிறம் எப்போதோ போய்விட்டது. கன்னங்கரேலென்று, சுருள் கலையாமல், ஓரமெல்லாம் உப்புப் பூத்துக் கிடந்தது. மன்னார்குடிப் பக்கம் இருந்த எங்கள் பழைய ஓட்டு வீட்டைப் பிரிப்பதற்கு முன் பரணில் கிடந்த சாமான்களை இறக்கினோம். அப்போது பித்தளை அண்டாவுக்குப் பின்னாலிருந்து வந்தது அது. அத்தை ஒரு காயை எடுத்துச் சுருளைப் பிரித்துப் பார்த்தார். "எங்கம்மா போட்டது இது. வேற யார் நறுக்கினாலும் நடுவுல எங்கயாச்சும் அத்துக்கும்" என்றார். அப்பாயி இறந்தே நாற்பது வருஷம் ஆகப்போகிறது.

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் சீந்தாத பண்டம் ஒன்று உண்டென்றால் அது இந்த நார்த்தங்காய்தான். கடையில் கண்ணாடி பாட்டிலில், எண்ணெய் மிதக்க, சிவக்கச் சிவக்க இருக்கும் மாங்காய் ஊறுகாய்க்கு ஏங்குவோம். காய்ச்சல் வந்து வாய் கசந்து, கஞ்சி இறங்காமல் கிடக்கும்போது மட்டும் அப்பாயி நகத்தளவு கிள்ளி நாக்கில் வைப்பார். புளிப்பும் கசப்பும் உப்பும் சேர்ந்து உச்சந்தலை வரை ஏறும். அடுத்த வாய்க் கஞ்சி தானாக இறங்கிவிடும்.

தை முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் வேலை ஆரம்பமாகும். கிணற்றடி மரத்துக் காய்களைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, அறுபடாமல் சுருள் சுருளாக நறுக்கி, மடிப்புக்குள் கல்லுப்பைத் திணித்து ஜாடியில் போடுவார். உப்பு வேதாரண்யத்தது. அவர் சிறு பெண்ணாக இருந்தபோது, 1930-ல், ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிக் கைதான ஊர். நாங்கள் உப்பைச் சிந்தும்போதெல்லாம் அந்தக் கதையைச் சொல்லித்தான் கண்டிப்பார். தினமும் ஜாடியைக் குலுக்கிவிட வேண்டும். காய் தண்ணீர் விட்டு ஊறிய பிறகு பகலில் மொட்டைவெயிலில் பாய் விரித்துக் காயவைப்பதும், சாயங்காலம் திரும்ப அந்த உப்புத் தண்ணீரிலேயே போடுவதுமாக நாட்கள் போகும். தண்ணீர் முழுக்கக் காய்க்குள் வற்றினால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு.

சமையலறைச் சுவரோரம் ஜாடிகள் வயது வரிசையில் நிற்கும். இந்த வருஷத்தது பழையசோற்றுக்கு. போன வருஷத்தது தயிர்சாதத்துக்கு. கடைசியில் நிற்பதற்கு 'ஆகப் பழையது' என்றே பெயர். அது நோயாளிகளுக்கும் பிள்ளை பெற்ற பெண்களின் பத்தியச் சாப்பாட்டுக்கும். தெருவில் எந்த வீட்டில் யாருக்கு உடம்புக்கு முடியாவிட்டாலும் கிண்ணத்தோடு ஒருவர் வந்து வாசலில் நிற்பார். "பெரியம்மா, ஆகப் பழசு ஒரு துண்டு கிடைக்குமா? சின்னவனுக்கு ரெண்டு நாளா வாய்க்கு ஒண்ணும் பிடிக்கல." அப்பாயி கையை முந்தானையில் ஈரம் போகத் துடைத்து, மரக்கரண்டியால் எடுத்துக் கொடுப்பார். இல்லை என்று சொல்லி அனுப்பியதை நான் பார்த்ததில்லை. அந்த ஜாடி தீர்ந்தால் அதற்கு முன்னால் நிற்பது ஆகப் பழையதாகிவிடும். அந்த இடம் ஒருநாளும் காலியாக இருந்ததில்லை.

ஒரு பண்டம் இத்தனை வருஷம் கெடாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. உப்பு, காயின் தண்ணீரை இழுத்து வெளியேற்றுகிறது. மிச்சமிருக்கும் ஈரத்தையும் கிருமிகள் எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டிவைக்கிறது. கிருமிக்குக் கிடைக்கும் நீரை விஞ்ஞானிகள் 0 முதல் 1 வரை அளக்கிறார்கள்; உப்பு முழுக்கக் கரைந்து நிறைந்த கரைசலில் அது 0.75-தான். நோய் தரும் பாக்டீரியாக்கள் அவ்வளவு குறைந்த நீரில் பெருகுவதில்லை. ஆளைக் கொல்லும் பாட்டுலிசம் கிருமி 4.6-க்குக் கீழான பி.எச். அளவில் வளராது, நார்த்தங்காயின் புளிப்பு அதற்கும் கீழே. காயின் சர்க்கரையும் வைட்டமின் சி-யும் மெல்லச் சிதைவதால்தான் மஞ்சள் பழுப்பாகி, பழுப்பு கறுப்பாகிறது. இப்படி வயதாவது குறையல்ல: சீனாவின் சின்ஹுய் பகுதியில் ஆரஞ்சுத் தோலைக் காயவைத்துப் பல வருஷம் வைத்திருந்து, வயது ஏற ஏற அதிக விலைக்கு விற்கிறார்கள். ஈரக்கை படக்கூடாது என்ற அப்பாயியின் சட்டத்துக்குப் பின்னால் இருந்ததும் ஈரத்தைப் பற்றிய இந்த அறிவுதான்.

ஜாடி கிடைத்த அன்று வீடே கலங்கிப்போனது. சிங்கப்பூரில் இருக்கும் தம்பி வீடியோவில் பார்த்து அழுதான். அண்ணன் கண்ணாடிப் பெட்டி செய்யச் சொல்லலாம் என்றார். சித்தப்பா மகள் ஆளுக்கு ஒரு காய் என்று எண்ணத் தொடங்கினாள். அண்ணனின் பேரன் கையை நீட்டியதும் எல்லோரும் ஒரே குரலில் "தொடாதேடா!" என்றோம். "இது சாப்பிடற சாமானா, சாமி சாமானா?" என்று கேட்டான் அவன். பதில் சொன்னது அத்தை மட்டும்தான்: "திங்கிறதுக்குத்தான்டா எங்கம்மா போட்டுச்சு."

இப்படித் தின்னாமல் காப்பது எங்கள் வீட்டில் மட்டுமல்ல. அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்து டெகும்சே ஊரில், ஒரு குடும்பம் 1878-ல் செய்த பழக் கேக்கை இன்றும் வைத்திருக்கிறது. ஒரு வருஷம் ஊறவைத்து அடுத்த கிறிஸ்துமஸுக்கு வெட்டுவதற்காக அந்த வீட்டு அம்மாள் சுட்டது. அந்தக் கிறிஸ்துமஸ் வருவதற்குள் அவர் இறந்துபோனார். வெட்ட மனம் வராமல் எடுத்துவைத்த கேக் தலைமுறை தலைமுறையாகக் கைமாறியது. 2003-ல் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஜே லெனோ அதில் கொஞ்சம் தின்றுகூடப் பார்த்தார். அந்தக் குடும்பத்தின் பாசம் எனக்குப் புரிகிறது. சுட்ட கை போன பிறகு அந்தக் கேக்கைத் தவிர அவர்களுக்கு வேறு எது மிச்சம்?

எங்கள் நிலைமை அப்படியல்ல. அப்பாயி விட்டுப்போனது ஒரு ஜாடியை அல்ல, ஒரு வரிசையை. அன்றைக்குக் கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தார். ஆகப் பழையது தீரவே இல்லை. இன்றைக்கு ஒருவருக்கும் கொடுக்காமல் காக்கிறோம். இந்த ஜாடிக்கு முன்னால் நிற்க இன்னொன்றுகூட இல்லை. கிணற்றடி மரம் போனது, மொட்டைவெயில் விழும் முற்றம் போனது, பகலில் வீட்டில் இருக்க ஆள் இல்லாமல் போனது. இத்தனையும் உண்மை. ஆனால் வரிசை அறுந்ததற்கு ஈடாக ஒரு கண்ணாடிப் பெட்டியை வைத்து மனதைத் தேற்றிக்கொள்ள என்னால் முடியவில்லை.

அதனால் இந்த மாசியில் அத்தையைக் கூட்டிவந்து எங்கள் அடுக்குமாடி மொட்டைமாடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். சந்தையில் வாங்கிய காய். உப்பு அதே கல்லுப்பு. என் கத்தி முதல் காயை இரண்டாக வெட்டப் போனபோது அத்தை கையைப் பிடித்தார். "கத்திய ஏன் திருப்புற? கத்தி நின்ன எடத்துல நிக்கட்டும், காயத் திருப்பு." அப்படித் திருப்பியதும் சுருள் அறுபடாமல் வந்தது. ஜாடிக்குள் எத்தனை முறை பார்த்திருந்தாலும் இந்த ஒரு வாக்கியம் எனக்குக் கிடைத்திருக்காது. அது அத்தையிடம் இருந்தது. அவருக்கு அப்பாயி சொன்னது.

பழைய ஜாடியிலிருந்தும் வீட்டில் எல்லோரும் கடுகளவு எடுத்துச் சுவைத்தோம். அதற்கு முன் பூசணம் உண்டா, கொழகொழப்பு உண்டா, வேறு வாடை அடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டோம். அப்படி ஏதாவது இருந்தால், யார் போட்டதானாலும் கொட்டிவிட வேண்டியதுதான். ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்குக் கடுகளவே அதிகம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்கென்று சொல்லும் உப்பே 5 கிராமுக்குக் கீழேதான்.

உங்கள் வீட்டிலும் மாவடுவோ, உப்பு எலுமிச்சையோ, வடகமோ போடத் தெரிந்த ஒரு கை இருக்கும். அந்தக் கை செய்ததை எடுத்துவைப்பதற்கு முன், அது செய்யும்போது பக்கத்தில் உட்காருங்கள். ஒரு தடவையாவது உங்கள் கையால் செய்து திட்டு வாங்குங்கள். செய்ததை நாலு வீட்டுக்குக் கொடுங்கள். அடுத்த வருஷமும் செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் அப்போதுதான் வரும்.