தோலுரிக்கும் பதில்கள்: புதையல் வேட்டைக் காதல் சிறப்புப் பகுதி

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்துக் காதலர்கள் இப்போதெல்லாம் நேராக "கட்டிக்கிறியா?" என்று கேட்பதில்லை போலிருக்கிறது. துப்புச் சீட்டு எழுதி ஊரெல்லாம் ஓடவிட்டு, கடைசிச் சீட்டு இருக்கும் இடத்தில் மோதிரத்தோடு நிற்கிறார்கள். இந்த வாரம் அந்தக் கேள்விகளுக்கு மட்டும்.

கட்டிங் பிரிவு இளைஞர், ஆம்பூர்
தேட வைத்து ப்ரொபோஸ் செய்வது வெள்ளைக்காரன் பழக்கம்தானே?

விளையாட்டு அங்கிருந்து வந்ததுதான். எல்சா மேக்ஸ்வெல் என்று ஓர் அமெரிக்கப் பெண்மணி, விருந்து நடத்துவதையே பிழைப்பாக வைத்திருந்தவர். 1920, 30களில் பாரிஸிலும் நியூயார்க்கிலும் பெரிய இடத்து ஆட்கள் கையில் பட்டியலைக் கொடுத்துத் தெருத்தெருவாக ஓடவிட்டார். 1936-இல் வந்த 'மை மேன் காட்ஃப்ரி' படம் அப்படியொரு வேட்டையில்தான் தொடங்கும். பட்டியலில் தேடவேண்டிய பொருள்களில் ஒன்று, நாதியற்றுக் கிடக்கும் ஒரு மனிதன். தேடிப் பிடித்தவனையே கடைசியில் கதாநாயகி கட்டிக்கொள்வாள்!

தேடி அலைவது நமக்கும் புதிதில்லை. குற்றாலக் குறவஞ்சியில் சிங்கன் சிங்கியைத் தேடி அலைவான். கண்டுபிடித்த பிறகு, அவள் போட்டிருக்கும் நகை ஒவ்வொன்றையும் காட்டி "இது ஏது, அது ஏது?" என்று குடைவான். அவர்கள் ஏற்கெனவே தம்பதி அல்லவா? அதனால் விசாரணை முதலில், சரசம் பிறகு.

முருக பக்தர், காட்பாடி
எங்கள் ஊருக்கு வடக்கே வள்ளிமலை. முருகப்பெருமான் அங்கே நடத்தியதும் இதே மாதிரி திட்டம்தானே?

ஆமாம், பல கட்டத் திட்டம். முதலில் வேடனாக வந்தார், பிறகு வேங்கை மரமாக நின்றார், பிறகு கிழவராகி தினைமாவும் தேனும் கேட்டார், விக்கல் என்று சொல்லி சுனைக்குக் கூட்டிப் போகச் சொன்னார். 'சூரியன் காணாத சுனை' என்று இன்றும் மலையில் காட்டுகிறார்கள். கடைசியில் அண்ணன் விநாயகர் யானையாக வந்து உதவினார்.

ஒன்றை மட்டும் எல்லோரும் மறந்துவிடுகிறோம். கிழவர் கேட்டபோது வள்ளி சம்மதிக்கவில்லை. சொந்த உருவம் காட்டிய பிறகுதான் காதல் கனிந்தது. நீங்களும் வேஷத்தைக் கலைத்துவிட்டுக் கேளுங்கள். யானைக்கு மட்டும் ஏற்பாடு செய்யாதீர்கள். வனத்துறைக்குப் புராணம் செல்லாது.

பேக்கிங் பிரிவு ஊழியர், பேரணாம்பட்டு
அவள் ஸ்டிச்சிங்கில் இருக்கிறாள். லைனுக்கு வரும் ஷூ ஒன்றின் உள்ளே முதல் சீட்டை வைக்கலாமா?

வைக்கலாம். அவள் கவனிக்காவிட்டால் அது பெட்டிக்குள் போய், கன்டெய்னருக்குள் போய், ஜெர்மனியில் இறங்கும். அங்கே ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் புது ஷூவைக் காலில் மாட்டிக்கொண்டு, "ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு மூன்றாவது தூண்" எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார்.

ஆனாலும் யோசனைக்குப் பாரம்பரியம் உண்டு. செருப்பை வைத்துப் பெண் தேடிய கதையை இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே ஸ்ட்ராபோ என்ற கிரேக்கர் எழுதிவைத்தார். குளித்துக்கொண்டிருந்த ரோடோபிஸ் என்பவளின் செருப்பைக் கழுகு தூக்கிப்போய் எகிப்து மன்னனின் மடியில் போட, அவன் நாடு முழுக்க ஆளனுப்பி, அவளைக் கண்டுபிடித்து மணந்தான். 1697-இல் பெரோ எழுதிய சிண்ட்ரெல்லாவுக்கு இவள் பாட்டி முறை. எந்தக் கதையிலும் மன்னன் கம்பெனிச் சரக்கில் கை வைக்கவில்லை என்பதைக் கவனிக்கவும்.

டிசைன் பிரிவு, ராணிப்பேட்டை
நல்ல துப்புச் சீட்டுக்கு இலக்கணம் என்ன?

உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று காட்டக்கூடாது. அவளுக்கு என்ன தெரியும் என்று காட்ட வேண்டும். அவள் தொழிலிலிருந்தே எடுங்கள். ஐரோப்பிய ஷூ அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடைவெளி, ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. "36-ஐ நீளமாக்கு, அத்தனை படி ஏறு" என்று எழுதினால், ஷூ கம்பெனிப் பெண் நிமிஷத்தில் 24 என்பாள். ஐ.டி. கம்பெனி மாப்பிள்ளை கூகுளைத் தேடுவான். அவளால் மட்டும் அவிழ்க்க முடிந்த முடிச்சு என்றால் அதிலேயே பாதிக் காதல் சொல்லியாயிற்று.

கிரிக்கெட் ஸ்கோரில் துப்பு வைத்து, அவளுக்குக் கிரிக்கெட் பிடிக்காது என்றால், அது உங்களை நீங்களே காதலிக்கும் வேட்டை.

கோட்டைப் பிரியர், வேலூர்
கோட்டையில் வைக்கலாமா?

'ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு' என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய நக்கல் உண்டு. (நான்காவதாகப் பெண்களைப் பற்றியும் ஒன்று சொல்வார்கள். அதை இங்கே எழுத எனக்குத் துணிச்சல் இல்லை.) அதில் ஒன்று 1981-லேயே பொய்யாகிவிட்டது. பல நூறு ஆண்டு சத்துவாச்சாரியில் இருந்த ஜலகண்டேஸ்வரர் அந்த ஆண்டு மார்ச்சில் கோட்டைக்குள் திரும்பிவிட்டார். காத்திருந்தால் வருவார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சிற்பத்துக்குப் பேர்போன கல்யாண மண்டபம் அங்கேயே இருக்கிறது. வேட்டையை முடிக்க அதைவிடப் பொருத்தமான முகவரி வேலூரில் இல்லை. ஆனால் சுவரில் ஒட்டுவது, கிறுக்குவது, அம்பு வரைவது கூடாது. அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். தேனிலவுக்கு ஒதுக்கிய பணம் அபராதத்துக்குப் போகும்.

வரலாற்று மாணவி, வேலூர்
கோட்டைக்கும் கல்யாணத்துக்கும் வேறு சம்பந்தம் உண்டா?

உண்டு. 1806 ஜூலை 9 அன்று, கோட்டைக்குள் காவலில் இருந்த திப்பு சுல்தான் குடும்பத்தில் அவர் மகள் ஒருத்திக்குத் திருமணம். அந்தச் சந்தடியைத் திரையாக வைத்துக்கொண்டு, ஜூலை 10 விடிவதற்குள் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கல்யாண வீட்டுக் கூட்டத்தில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வெள்ளைக்காரனுக்கு அது தாமதமாகத்தான் புரிந்தது.

பிரியாணி மாஸ்டரின் மகன், ஆம்பூர்
சீரகச் சம்பா பிரியாணிக்குள் மோதிரத்தைப் புதைத்து வைத்தால்?

வேண்டாம். ஆம்பூரில் யாரும் முதல் ஐந்து நிமிடம் பிரியாணியை மென்று பார்ப்பதில்லை. அப்புறம் கடைசித் துப்பு சி.எம்.சி. எக்ஸ்ரே பிரிவில்தான் கிடைக்கும். மோதிரம் டப்பாவில் இருக்கட்டும். பிரியாணி அது பாட்டுக்கு எண்ணெய்க் கத்தரிக்காயோடு இருக்கட்டும். அந்த ஜோடிக்கு இடையில் மூன்றாவது ஆள் எதற்கு?

அதே ஆம்பூர், இன்னொருவர்
அவளுக்குத் தெரியாமல் மோதிர அளவு எடுப்பது எப்படி?

அவள் கழற்றி வைக்கும் மோதிரம் ஒன்றை ஒரு தாளில் வைத்து உள்வட்டத்தை வரைந்துகொள்ளுங்கள். நகைக்கடைக்காரர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார். அவள் தங்கையிடம் கேட்கலாம். ஆனால் தங்கைக்கு ஒரு சுடிதார் செலவு.

ரகசியம் காக்கத் தெரியாதவன், வாணியம்பாடி
நண்பர்களிடம் சொல்லலாமா?

இங்கிலாந்தில் கிட் வில்லியம்ஸ் என்ற ஓவியர் 1979-இல் 'மாஸ்க்கரேட்' என்று ஒரு படப் புத்தகம் போட்டார். தங்க முயல் ஒன்றைப் புதைத்துவிட்டு, அது இருக்கும் இடத்தைப் படங்களில் புதிராக ஒளித்தார். லட்சக்கணக்கானவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1982-இல் ஒருவர் தோண்டி எடுத்தார். 1988-இல்தான் பத்திரிகை குட்டை உடைத்தது: எடுத்தவரின் தொழில் கூட்டாளிக்குக் காதலியாக இருந்தவர், ஓவியரின் முன்னாள் காதலி!

ஆகவே, நண்பரிடம் சொல்லலாம். முன்னாளிடம் சொல்லாதீர்கள்.

பைக் காதலர், ஜோலார்பேட்டை
ஏலகிரி ஏறும் வழியில் 14 கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு ஒரு சீட்டு?

வளைவில் வண்டியை நிறுத்தித் தேடினால், பின்னால் வரும் வேன் உங்களைத் தேடும். பெயர்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வளைவுகளுக்கெல்லாம் புலவர்கள், வள்ளல்கள் பெயர்தான். பாரி என்றால் முல்லைக்குத் தேர், பேகன் என்றால் மயிலுக்குப் போர்வை, அதியமான் என்றால் ஔவைக்கு நெல்லிக்கனி. பெயருக்கு ஒரு சின்னப் பரிசு என்று வீட்டிலேயே கட்டிவைத்து, மேலே புங்கனூர் ஏரிக்கரையில் ஒவ்வொன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள். தனக்கு வேண்டியதைக் கொடுத்தவர்தான் வள்ளல்; வீட்டில் மிச்சமிருந்ததைக் கொடுத்தவர் பெயரில் எந்த மலையிலும் வளைவு இல்லை. பைக்கைக் கொடியிடம் விட்டுவிடாதீர்கள், தவணை பாக்கி இருக்கும்.

இயற்பியல் ஆசிரியை, ஆலங்காயம்
கொஞ்சம் அறிவார்ந்த இடம் சொல்லுங்கள்.

உங்கள் ஊருக்கு மேலேயே ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைத்தது. மறைப்பதற்கு முன்பே நட்சத்திரம் சிலமுறை மங்கிமங்கி மீண்டது. அமெரிக்கர்கள் விமானத்தில் பறந்தபடி அதைப் பதிவு செய்தார்கள்; காவலூர்க் கருவியும் பதிவு செய்தது. யுரேனஸுக்கு வளையம் உண்டு என்பது இப்படித்தான் தெரிந்தது. கோளைப் பார்க்கப் போனவர்களுக்கு வளையம் கிடைத்த மலை! உங்கள் ஆளைத் தொலைநோக்கியில் கண் வைக்கச் சொல்லி, மோதிரத்தோடு பக்கத்தில் நிற்கலாம். பார்வையாளர் நேரத்தை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். மேகம் இருந்தால் விரலை மட்டும் பார்க்கட்டும்.

மணல் மனிதன், மாதனூர்
பாலாற்று மணலில் புதைத்தால் யாருக்குத் தெரியும்?

ஆற்றுக்குத் தெரியும். வறண்டுதானே கிடக்கிறது என்று நம்பியவர்களுக்கு 2021 நவம்பரில் கரைபுரண்டு வந்து பதில் சொன்னது. தவிர, தோல் கழிவால் அந்த ஆற்றுக்குச் செய்தது போதும். 1996-இல் உச்ச நீதிமன்றமே, கெடுத்தவர் ஈடுகட்ட வேண்டும் என்று நம் மாவட்டத்து டேனரிகளுக்குச் சொன்னது. காதலிலும் அதே சட்டம்தான். பிளாஸ்டிக் பலூனும் ஜிகினாவும் கொண்டுபோனால், திரும்ப எடுத்து வருவதும் உங்கள் பொறுப்பு.

ஃபினிஷிங் பிரிவு, துத்திப்பட்டு
ஷிஃப்ட் விடும் நேரத்தில் கம்பெனி கேட்டில், எல்லோர் முன்னாலும் மண்டியிட்டால் மறுக்கமாட்டாள் அல்லவா?

அதைத்தான் சங்க காலத்தில் மடலேறுதல் என்றார்கள். பனைமடலில் குதிரை செய்து, எருக்கம்பூ சூடி, அவள் படத்தைக் கையில் ஏந்தித் தெருவில் வருவான். ஊர் பார்க்கும், வாயடைத்துப்போன வீடு பெண் கொடுக்கும். அதாவது அது கேள்வி இல்லை, நெருக்கடி. அதனால்தான் பெரும்பாலும் 'மடலேறுவேன்' என்று மிரட்டுவதோடு நின்றார்கள்.

இருநூறு பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்திருக்கும்போது வரும் 'சரி', கம்பெனி பஸ் கிளம்பியதும் 'இல்லை' ஆகிவிடும். முடிவிடத்தில் இரண்டு பேர் போதும்.

ஸ்டிச்சிங் பிரிவு நங்கை, ஆம்பூர்
வேட்டையை நான் நடத்தலாமா? பெண் கேட்கக்கூடாதா?

பெண்ணுக்கு மடலேறுதல் இல்லை என்றார் தொல்காப்பியர். திருமங்கையாழ்வார் நாயகியாகவே மாறி, 'நான் ஏறுவேன்' என்று சிறிய திருமடல், பெரிய திருமடல் இரண்டும் பாடிவிட்டார். ஆழ்வாரே விதியைத் தளர்த்திய பிறகு உங்களைத் தடுக்க யார் இருக்கிறார்கள்? தவிர, ஷூ கம்பெனி லைனில் பெரும்பாலும் பெண்கள்தான். சீட்டு வைக்க ஆள் பலமும் உங்கள் பக்கம்.

ஒருதலைக் காதலன், குடியாத்தம்
இதுவரை அவளோடு பேசியதில்லை. சீட்டுகள் மூலம் என்னைத் தெரியப்படுத்தலாமா?

அவள் போகும் வழி, பஸ் ஏறும் நேரம், உட்காரும் இடம் எல்லாம் உங்களுக்குத் தெரியும், உங்களை அவளுக்குத் தெரியாது. இதற்குப் பெயர் புதையல் வேட்டை இல்லை. பாரதிய நியாய சன்ஹிதா 78-ஆம் பிரிவு: வேண்டாம் என்று காட்டிய பிறகும் பின்தொடர்ந்தால் முதல் தடவைக்கே மூன்று ஆண்டு வரை சிறை. பதில் 'ஆம்' என்று ஏறக்குறைய தெரிந்தவர்கள் ஆடும் ஆட்டம் இது. 'எப்படிக் கேட்பான்' என்பதில்தான் ஆச்சரியம் இருக்கலாம். 'யார் இவன்' என்பதில் இருக்கக்கூடாது.

கவலையில் ஒருவன், பள்ளிகொண்டா
மூன்றாவது சீட்டு அவள் அப்பா கையில் கிடைத்துவிட்டது!

அவர் நான்காவது இடத்துக்கு வந்துவிட்டாரா? வந்திருந்தால் அவருக்கும் ஆட்டம் பிடித்திருக்கிறது. காபி வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள். எப்படியும் கடைசிக் கட்டத்தில் நிற்கப்போகிறவர் அவர்தான்.

பட்டதாரி, மேல்விஷாரம்
எங்கள் குடும்பத்தில் இதையெல்லாம் ஏற்கமாட்டார்கள். நிக்காஹில் இந்த விளையாட்டுக்கு இடம் ஏது?

சீட்டுக்கு இடம் இல்லாமல் இருக்கலாம், கேள்விக்கு உண்டு. வக்கீலும் சாட்சிகளும் மணப்பெண்ணிடம் போய், 'இன்னாரை, இந்த மஹருக்குச் சம்மதமா?' என்று கேட்டு வாங்கித்தான் நிக்காஹ் நடக்கிறது. ப்ரொபோஸ் என்று தனியாகக் கண்டுபிடித்தவர்கள் வேறு யாரோ. கேட்காமல் கட்டக்கூடாது என்ற விதி உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது.

வேறு வேறு சாதி ஜோடி, திருப்பத்தூர் மாவட்டம்
எங்கள் வேட்டையின் கடைசி இடம் எது?

பதிவு அலுவலகம். 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். 2019-இல் வேலூர் மூன்றாகப் பிரிந்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; ஆம்பூர்க்காரர் பழைய பழக்கத்தில் வேலூருக்கு ஓட வேண்டாம். மனு கொடுத்ததும் உங்கள் பெயர்களைப் பலகையில் ஒட்டுவார்கள். ஊரே படிக்கும் துப்புச் சீட்டு அது! ஆட்சேபணைக்கு 30 நாள். பிறகு மூன்று சாட்சிகள். வேட்டைக்கு உதவிய நண்பர்களில் பொய் சொல்லாத மூவரைத் தேர்ந்தெடுங்கள்; மூவர் கிடைப்பதுதான் உண்மையான வேட்டை.

படபடப்பில் ஒருவன், ஆற்காடு
எல்லாச் சீட்டையும் கண்டுபிடித்து, மோதிரத்தையும் பார்த்துவிட்டு, 'யோசிச்சு சொல்றேன்' என்கிறாள். என்ன செய்வது?

யோசிக்க விடுங்கள். சர்க்காரே 30 நாள் கொடுக்கிறது, நீங்கள் என்ன பெரிய ஆள்?