செயலாளர் அண்ணாச்சி

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் உண்டு, கடலைமிட்டாய்க் கடை உண்டு, ஹாக்கி கிளப்பும் உண்டு. முதல் இரண்டுக்கும் முதலாளி இருப்பார். மூன்றாவதற்குச் செயலாளர் இருப்பார். முதலாளி மாறுவதுண்டு. செயலாளர் மாறியதாகச் சரித்திரம் இல்லை.

கிளப்புக்குக் கட்டடம் கிடையாது. அண்ணாச்சியின் டிவிஎஸ் எக்ஸ்எல்தான் தலைமை அலுவலகம். முன்னால் மாட்டிய மஞ்சள் பையில் ரசீது புத்தகம், ரப்பர் ஸ்டாம்பு. பின்னால் கோல்கீப்பரின் பேடு. பொதுக்குழு டீக்கடை பெஞ்சில் கூடும். ஆள் குறைந்தால் டீ மாஸ்டரை உறுப்பினராக்கித் தீர்மானத்தை நிறைவேற்றிவிடுவார்.

டோர்னமென்ட் வந்தால் நோட்டீஸ் அடிப்பார். ஆடுவது 11 பேர்தான். தலைமை, முன்னிலை, வாழ்த்துரை என்று 60 பெயர் வரும். ஒரு பெயர் விட்டுப்போனால் ஒரு நன்கொடை போய்விடும் அல்லவா? ஆட்டம் 15 நிமிடம் வீதம் நாலு பகுதியில் முடிந்துவிடும்; பரிசளிப்பு விழா அவ்வளவு லேசில் முடியாது. பொன்னாடை மிஞ்சினால் அம்பயருக்கு.

ஹாக்கியில் ஆஃப்சைடு விதியை 1990களிலேயே எடுத்துவிட்டார்கள். அண்ணாச்சி அதற்கு இன்னும் ஒப்புதல் தரவில்லை. எதிரணி கோல் போட்டதும் கோட்டோரம் நின்று "ஆஃப்சைடு!" என்று அலறுவார்.

"அண்ணாச்சி, அந்த ரூலு போயி எவ்வளவோ வருசமாச்சே?"

"ரூலு போச்சுன்னா நியாயமும் போச்சாலே?"

செயற்கைப் புல்தரையில் தண்ணீர் தெளித்து ஆடுவதும் அவருக்கு ஆகாது. "கரிசல் மண்ணுல நாங்க ஆடும்போது குடிக்கவே தண்ணி கெடயாது. இவனுவ பந்துக்குத் தண்ணி காட்டுதானுவ!" அந்த 'நாங்க'வில் அவர் பங்கு என்ன என்று விசாரித்தால், பெஞ்சில் உட்கார்ந்திருந்த பன்னிரண்டாவது ஆள் என்பார்கள் பெரியவர்கள்.

2022 ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் நம்மூர் மாரீஸ்வரன் ஆடினார். அண்ணாச்சி மாதிரி ஆள் ஃப்ளெக்ஸ் வைத்தால் எப்படி இருக்கும்? வீரர் படம் தபால்தலை அளவு. செயலாளர் படம் ஆளுயரம்.

கணக்குக் காட்டுவதில்லை என்று புகார் உண்டு. காட்டினால் அவர் கைக்காசு எவ்வளவு போனதென்று வீட்டுக்காரம்மாவுக்குத் தெரிந்துவிடும், சிக்கல் அங்கேதான்.

இப்படிப்பட்டவரைப் பதவியிலிருந்து இறக்க வேண்டும் என்கிறீர்களா? தாராளமாக. அடுத்த வருசம் கடைகடையாக ஏறி இறங்கி வசூல் பண்ண யார் தயார், கையைத் தூக்குங்கள்.