மூணு பவுனோடு மெட்டு ஏறுவது எப்படி?

போடியில் பட்டு உடுத்தி, போடிமெட்டு ஏறி, பூப்பாறைப் பக்கம் கல்யாணத்துக்குப் போகிற பெண்களுக்கான குறிப்புகள் இவை. 2025 அக்டோபரில் பவுன் 90,000 ரூபாயைத் தாண்டியதும், 'லைட் வெயிட்' என்ற சொல் நகைக்கடைப் பலகையிலிருந்து இறங்கி நம் அடுப்படிக்கே வந்துவிட்டது. எட்டு கிராமை எண்பது கிராமாகக் காட்டத் தெரிந்தவள்தான் இனி கெட்டிக்காரி.

முதலில் கடை. லைட் வெயிட் ஆரம் என்றால் உள்ளே கூடு, வெளியே பகட்டு. எடைதான் குறையும், சேதாரம் குறையாது. நுணுக்க வேலை என்று சொல்லிச் சதவீதத்தைக் கூட்டத்தான் செய்வார்கள். 916 முத்திரையும், 2023 ஏப்ரல் முதல் கட்டாயமான ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. எண்ணும் இருக்கின்றனவா என்று பூதக்கண்ணாடி கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் "ம்ம்" என்று இழுங்கள். செய்கூலியில் கொஞ்சம் இறங்கி வருவார்கள்.

அடுத்து சேலை. பெரிய கரை போட்ட காஞ்சிப் பட்டு என்றால் கழுத்தை ஒட்டி ஒரு அட்டிகை போதும். அதன்மேல் மெல்லிய ஆரத்தைப் போட்டால் முந்தானை ஜரிகை அதை விழுங்கிவிடும்; காசு போட்டும் கண்ணில் படாது. கரை சிறுத்த சாஃப்ட் சில்க்கா, மாங்காய் மாலையைத் தாராளமாகத் தொங்கவிடுங்கள். ஆன்டிக் நிறமாக இருந்தால் இன்னும் நல்லது. பளபளவென்று மின்னினால் கவரிங் என்றும், மங்கிக் கிடந்தால் பாட்டி சொத்து என்றும் நம் சனம் நம்பும். பச்சைப் பட்டுக்குச் சிவப்புக் கெம்பு எடுக்கும். ஆனால் கல் எடை தங்க எடை ஆகாது என்பது நினைவிருக்கட்டும். அந்தக் கணக்குப் பின்னால் வரும்.

இனி பயணம். மலையடிவாரத்து முந்தலைத் தாண்டினால் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஜன்னல் ஓரம் பட்டுக்காரிகளுக்கு என்று ஏறும்போதே சொல்லிவிடுங்கள், மடியில் ஒரு துண்டும் இருக்கட்டும். மூன்றாவது வளைவில் யாராவது ஒரு பிள்ளை கக்கும். சில்க் மார்க் எல்லாம் அதற்குத் தெரியாது. லைட் வெயிட் ஆரத்துக்கும் ஒரு கெட்ட குணம் உண்டு: கனம் இல்லாததால் வளைவுக்கு வளைவு புரண்டுகொண்டு, குழிந்த பின்பக்கத்தை ஊருக்குக் காட்டும். பதக்கத்தின் வளையத்தை ரவிக்கையோடு சேர்த்து ஒரு சின்ன ஊக்குப் போடுங்கள். இந்தக் குறிப்பில் நிஜமாகவே உதவுகிற வரி இது ஒன்றுதான்.

மெட்டில் இறங்கினால் பனிமூட்டமும் குளிர்காற்றும். சால்வையை எடுத்துப் போர்த்துவீர்கள், அட்டிகை ஆரம் எல்லாம் உள்ளே போய்விடும். இதே பாதையில் விடிகாலை ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் போகிறார்கள். எந்த அழகுக் குறிப்பும் அதை எழுதாது. ஆனால் இந்த மலைக்குப் பொருந்துகிற உடுப்பு அதுதான்.

ஆக, போர்த்திய பிறகு மிச்சம் இருப்பது காது. காசு இருந்தால் காதில் போடுங்கள்: ஜிமிக்கி, மாட்டல், இரண்டும். நம் அப்பத்தாக்கள் இதில் நமக்கு முன்னோடிகள். தண்டட்டியைப் பார்த்தால் கெட்டித் தங்கம், உள்ளே அரக்கு. லைட் வெயிட் என்று அதை யாரும் சொன்னதில்லை. தோள்வரை இறங்கிய காதே சாட்சி. செத்துப்போன கிழவியின் காதிலிருந்து அது காணாமல் போனதை வைத்து 2023-ல் 'தண்டட்டி' என்று ஒரு முழுப் படமே வந்தது. உங்கள் ஜிமிக்கிக்கு ஒரு குறும்படமாவது தேறுமா, பாருங்கள்.

மண்டபத்தில் ஒரு மதினி காத்திருப்பார். ஆரத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "எத்தன பவுனு மதினி?" என்பார். எண்ணைச் சொன்னால் தோற்றீர்கள். "அம்மாச்சி போட்டது மதினி, நிறுத்தா பாத்தோம்?" என்று சொல்லி, மூச்சு விடாமல், "ஒங்க பக்கம் காய் என்ன வெல போகுது?" என்று திருப்பிவிடுங்கள். 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் போன கதையை ஆரம்பித்துவிடுவார். அந்த வருசம் யார் யார் காயை முன்னாடியே விற்றுவிட்டு வயிறெரிந்தார்கள் என்பது முடிவதற்குள் பந்தி போட்டுவிடுவார்கள்.

கல்யாணம் முடிந்த திங்கட்கிழமை நகைக்கடன் வாங்கப் போவீர்கள். மதிப்பீட்டாளரிடம் அம்மாச்சி கதை எடுபடாது. உரசுவார், நிறுப்பார், கல்லுக்கும் அரக்குக்கும் கழிப்பார். ஊக்கைக் கழற்றிவிட்டே போங்கள். அவர் முதலில் திருப்பிப் பார்ப்பது பின்பக்கத்தைத்தான்.

கடைசியாக ஒன்று. அடகுச் சீட்டைப் பட்டுச் சேலை மடிப்புக்குள் ஒளித்துவைக்க வேண்டாம். அடுத்த முகூர்த்தத்துக்கு மதினி இரவல் கேட்கப்போவது அந்தச் சேலையைத்தான்.